நொதிக்கவைத்த தாவரச் சாறுகள் தோலில் உண்மையில் என்ன செய்கின்றன?

கேள்வி கேட்டவர் கொரிய எசென்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார். குப்பியின் முகப்பில் ‘நொதிக்கவைத்த அரிசி, ஜின்செங் சாறு 90 விழுக்காடு’ என்று அச்சிட்டிருக்கிறது. நொதித்த சாறு சாதாரணச் சாற்றைக் காட்டிலும் ஆழமாகத் தோலுக்குள் இறங்கும் என்றும், இதைப் பூசினால் ரெட்டினால், வைட்டமின் சி எதுவும் வேண்டியதில்லை என்றும் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது மெய்தானா, மெய்யென்றால் வீட்டில் புளித்த அரிசித் தண்ணீரையே பூசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நொதித்தல் ஒரு தாவரச் சாற்றின் வேதியியலை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பது ஒன்று. அப்படி மாறிய பொருள், குப்பிக்குள் இருக்கும் அளவில், உயிருள்ள தோலில் அளந்து காட்டக்கூடிய விளைவைத் தருகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதற்கான பதில் பொருளுக்குப் பொருள் வேறுபடும். பெரும்பாலானவற்றுக்குப் போதிய சான்று இல்லை. நான் முகப்பூச்சுகளின் கலவையை உருவாக்கும் வேதியியல் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன், மருத்துவன் அல்லன். ஆகவே மூலப்பொருளைப் பற்றியும் கலவையைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். ஒருவருடைய தோல் நோயைப் பற்றிப் பேச மாட்டேன்.

இட்லி மாவு இரவில் கரைத்து வைத்தபோது இருந்ததும் காலையில் இருப்பதும் ஒரே அரிசியும் உளுந்தும்தான் என்றாலும், அதன் புளிப்பும் மணமும் உப்பலும் வேறாகிவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். லியூக்கோநாஸ்டாக் முதலிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. ஆலையில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. வேறுபாடு கட்டுப்பாட்டில் இருக்கிறது. தாவரத்தின் நீர்ச்சாற்றை முதலில் கிருமி நீக்கம் செய்து, தெரிந்தெடுத்த ஒரே ஒரு பாக்டீரியாவையோ ஈஸ்ட்டையோ பூஞ்சையையோ அதில் விடுகிறார்கள். 30 முதல் 37 பாகை வெப்பத்தில் ஓரிரு நாள்கள் வைக்கும்போது, லாக்டிக் அமில பாக்டீரியாவாக இருந்தால் சாற்றின் பிஎச் 6-க்கு மேலிருந்து 4-ஐ ஒட்டி இறங்குகிறது. அந்த நேரத்தில் நுண்ணுயிரின் நொதிகள் தாவரத்தின் பெரிய மூலக்கூறுகளை வெட்டுகின்றன. புரதம் பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைகிறது. சர்க்கரையோடு பிணைந்திருந்த பல பொருள்கள் அதிலிருந்து விடுபடுகின்றன. நுண்ணுயிர் தானும் புதிதாகச் சிலவற்றை உண்டாக்குகிறது. பிறகு சூடேற்றி நுண்ணுயிரைக் கொன்று, வடிகட்டி, கெடாமலிருக்கப் பியூட்டிலீன் கிளைக்காலையோ வேறு பாதுகாப்புப் பொருளையோ சேர்த்து அடைக்கிறார்கள்.

வேதியியல் மாற்றத்துக்குச் சோயா நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள ஐசோஃப்ளேவோன்கள் பெரும்பாலும் ஜெனிஸ்டின், டெய்ட்சின் என்று சர்க்கரையோடு இணைந்தே இருக்கின்றன. நொதித்தலில் பீட்டா குளுக்கோசிடேஸ் என்னும் நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிட, ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் கிடைக்கின்றன. சர்க்கரை போனதும் மூலக்கூறு நீரைவிட எண்ணெயை அதிகம் நாடுகிறது. தோலின் மேலுள்ள இறந்த செல் அடுக்கு கொழுப்புப் பசையால் ஒட்டப்பட்டது என்பதால், அதன் வழியே இறங்க இந்தக் குணம் உதவும். விற்பனைப் பேச்சில் ‘மூலக்கூறு சிறிதாகிவிடுகிறது, அதனால் உள்ளே போகிறது’ என்பார்கள்; அது பாதி உண்மை. 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் நலமான தோலைத் தாண்டுவது அரிது என்று 2000-ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி ஆகிய இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு பொதுவிதி புழக்கத்தில் இருக்கிறது. ஜெனிஸ்டின் ஏறத்தாழ 432, ஜெனிஸ்டீன் 270. இரண்டுமே அந்த வரம்புக்குள் இருப்பவைதான். எனவே இங்கே பெரிதும் உதவியது அளவைவிட எண்ணெய் நாட்டமே. ஜின்செங்கில் நிலைமை வேறு. அதன் முக்கிய சப்போனின்களுள் (சர்க்கரை இணைந்த தாவரப் பொருள்கள்) ஒன்றான ஜின்செனோசைடு ஆர்பி1 ஏறக்குறைய 1,109 டால்டன். நொதித்தலில் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் ‘காம்பவுண்ட் கே’ என்ற பொருள் கிடைக்கும்போதும் அது 623 டால்டன் இருக்கிறது. பாதியாகக் குறைந்தும் வரம்புக்கு மேலேயே நிற்கிறது. முன்னைவிட இறங்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். தடையின்றி இறங்கும் என்று சொல்ல முடியாது.

அரிசியின் தவிட்டில் ஃபெரூலிக் அமிலம் இருக்கிறது. ஆனால் அது செல்சுவரின் நார்ப்பொருளோடு இறுகப் பிணைந்திருப்பதால் வெறும் நீரில் ஊறவைத்தால் சிறிதளவே வெளிவரும். கோஜி எனப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையின் எஸ்டரேஸ் நொதி அந்தப் பிணைப்பை அறுத்து அமிலத்தை விடுவிக்கிறது. நொதித்த சாறு ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனைகளில் அதிக எண்களைக் காட்டுவதற்கு இத்தகைய விடுதலையே பெரும்பாலும் காரணம். இதைவிட நடைமுறையில் முக்கியமானது ஈரப்பதம். நம் தோலின் மேலடுக்கில் இயல்பாகவே ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களின் தொகுதி ஒன்று உண்டு. அதில் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு, லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் உப்பு) 12, பிசிஏ (அமினோ அமிலத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருள்) 12, யூரியா 7 என்பது பாடநூல் கணக்கு. நொதித்த சாற்றில் மிகுதியாகக் கிடைப்பவை அமினோ அமிலங்களும் லாக்டேட்டும்தான். ஆகவே இந்த எசென்ஸைத் தட்டிப் பூசியதும் முகம் மிருதுவாகிறது என்று சொல்கிறவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆனால் கிளிசரினும் சோடியம் லாக்டேட்டும் அளவாகச் சேர்த்த மலிவான பூச்சும் அதே வேலையைச் செய்யும் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

நொதித்தலால் கிடைக்கும் பொருள்களில் ஐயத்துக்கு இடமில்லாதவை, தனியே பிரித்துத் தூய்மைப்படுத்தி அளவு சொல்லி விற்கப்படுபவை. 1907-இல் ஜப்பானில் கோஜியிலிருந்து கண்டறியப்பட்ட கோஜிக் அமிலம், தோலின் கருநிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியிலுள்ள செம்பைப் பிடித்துக்கொண்டு அதைத் தடுக்கிறது. அது வேலை செய்கிறது என்பதால்தான் அதன் பாதுகாப்பும் கடுமையாக ஆராயப்பட்டது: ஜப்பான் அரசு 2003-இல் அதை நிறுத்திவைத்து, கூடுதல் ஆய்வுகளுக்குப் பிறகு 2005-இல் மீண்டும் அனுமதித்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் முகத்துக்கும் கைக்குமான பூச்சுகளில் 1 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. முன்பு சேவற்கொண்டையிலிருந்து எடுக்கப்பட்ட ஹயலூரானிக் அமிலத்தை இன்று பாக்டீரியாவைக் கொண்டே தயாரிக்கிறார்கள். ஆனால் இவை தனிப்பொருள்கள். ‘நொதித்த அரிசிச் சாறு’ என்று எழுதிய குப்பியில் கோஜிக் அமிலம் இருந்தே தீரும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தப் பூஞ்சை வகை, எத்தனை நாள், எந்த வெப்பம் என்பதைப் பொறுத்து அது இருக்கலாம், அளக்க முடியாத அளவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முழுச் சாறே மருந்தியல் அளவில் ஏற்கப்பட்டதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் பொருள் ஒன்று உண்டு. ஜப்பானின் ககாவா மாநிலத்தில் உள்ள யூஷின் என்னும் பழைய சாக்கே மதுவடிப்பு நிறுவனம், அரிசியைக் கோஜி, ஈஸ்ட், லாக்டிக் அமில பாக்டீரியா ஆகியவற்றைக் கொண்டு வெவ்வேறு முறைகளில் நொதிக்கவைத்து எண்ணிட்ட சாறுகளை உருவாக்கியது. அவற்றில் ‘ரைஸ் பவர் எண் 11’ என்பதை, மருந்துக்கும் அழகுப்பொருளுக்கும் இடைப்பட்ட வகையில், ‘தோலின் நீரைப் பிடித்துவைக்கும் திறனை மேம்படுத்துவது’ என்ற பயனோடு ஜப்பான் அரசு 2001-இல் அங்கீகரித்தது. 2015-இல் ‘எண் 6’ சாற்றுக்கு எண்ணெய்ச் சுரப்பைக் குறைக்கும் பயன் ஏற்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. மூலப்பொருள் இரண்டுக்கும் அரிசிதான். நொதிக்கவைத்த முறை வேறு, அதனால் விளைவும் வேறு. எந்த நுண்ணுயிர், எந்த நிலைமை என்று குறித்து, ஒவ்வொரு தொகுதியிலும் அதே சாறு கிடைக்கும்படி நிலைப்படுத்தி, மனிதர்களிடம் சோதித்து, அரசின் முன் வைத்திருக்கிறார்கள். நொதித்த தாவரச் சாறு செயல்படும் மூலப்பொருளாக முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் இந்தச் சான்றை வேறொரு நிறுவனத்தின் வேறொரு அரிசிச் சாற்றுக்குக் கடன் கொடுக்க முடியாது.

பிற சாறுகளுக்கான சான்றுகளில் பெரும்பகுதி தட்டில் வளர்த்த தோல் செல்களிலிருந்தோ எலியிலிருந்தோ வருகிறது. பிஃபிடோபாக்டீரியத்தால் நொதிக்கவைத்த சோயாப்பாலின் சாறு தோல் செல்களில் ஹயலூரானிக் அமில உற்பத்தியைக் கூட்டியதாக ஜப்பானில் 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். சாற்றில் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்று ஜெனிஸ்டீனைச் சுட்டும் அளவுக்கு அவர்கள் போயிருக்கிறார்கள். ஆனால் பல ஆய்வுகளில் அந்தக் கவனம் இல்லை. நொதித்த சாற்றைச் சோதிக்க வேண்டுமென்றால் அதே தாவரத்தின் நொதிக்காத சாறு, அதே பிஎச்-சுக்குக் கொண்டுவந்த வெறும் கரைசல், அதே நுண்ணுயிரை வேறு ஊடகத்தில் வளர்த்தெடுத்த வடிநீர் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். இல்லையேல் பலன் தாவரத்தால் வந்ததா, லாக்டிக் அமிலத்தால் வந்ததா, நுண்ணுயிரின் செல்சுவரால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இருபது முப்பது பேருக்கு நான்கு வாரம் பூசி, முன்னும் பின்னும் ஈரத்தை அளந்து, ‘கூடியிருக்கிறது’ என்று முடிக்கும் அறிக்கைகள் மூலப்பொருள் விற்பவர்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். எந்த நல்ல மாய்ஸ்சரைசரைப் பூசினாலும் நான்கு வாரத்தில் ஈரம் கூடத்தான் செய்யும்.

தாவரச் சாறல்லாத நொதிப்பொருள்களையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 1980-இல் சந்தைக்கு வந்த எஸ்கே-டூ எசென்ஸின் பிட்டெரா, கேலக்டோமைசிஸ் என்னும் ஈஸ்ட் வகை நுண்ணுயிரின் நொதிப்பு வடிநீர். சாக்கே வடிப்போரின் கைகள் மட்டும் முதுமையிலும் மென்மையாக இருந்ததைக் கண்டு ஆராய்ந்தார்கள் என்பது அந்நிறுவனம் சொல்லும் கதை. பாக்டீரியாவை உடைத்தெடுக்கும் லைசேட்டுகள் இன்னொரு வகை. எளிதில் எரிச்சலடையும் தோலுடைய 66 பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் லைசேட் 10 விழுக்காடு சேர்த்த கிரீமையும் அது இல்லாத கிரீமையும் இரண்டு மாதம் கொடுத்த ஆய்வு 2010-இல் வெளியானது. லைசேட் பூசியவர்களுக்குத் தோலின் கூருணர்வு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இருந்ததால் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது 10 விழுக்காடு என்பதையும், ஆய்வை நடத்தியது அதை விற்கும் தரப்பே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரெட்டினாலும் அதன் உறவுப் பொருள்களுமான ரெட்டினாய்டுகளின் பக்கம் பாருங்கள்: அந்த வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் முகப்பருவுக்கு 1971-இலும் வெயிலால் வரும் நுண்சுருக்கங்களுக்கு 1995-இலும் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அவ்வளவு ஆண்டுகளின் சான்றை அரிசி, ஜின்செங் எசென்ஸ் ஈடுசெய்துவிடும் என்று சொன்ன கடைக்காரரின் பேச்சை ஏற்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

இனி அந்த 90 விழுக்காட்டுக்கு வருகிறேன். நொதித்த சோயாச் சாறோ மூலிகைச் சாறோ தொட்டியிலிருந்து வரும்போது பழுப்பாக, சற்றுக் கலங்கலாக, புளித்த பயறும் காடியும் கலந்த நெடியோடு இருக்கும். அந்த நிறத்தோடும் மணத்தோடும் எந்த அழகுப்பொருள் நிறுவனமும் அதை வாங்காது. எனவே செயல்மிகு கரியின் வழியே செலுத்தி நிறத்தையும் நாற்றத்தையும் உறிஞ்சவிடுகிறார்கள். நிறம் தருபவை யாவை? பெரும்பாலும் ஃபீனால் வகைப் பொருள்கள். நொதித்தலால் விடுபட்டவை என்று நாம் மேலே பெருமையாகப் பேசிய ஜெனிஸ்டீன், ஃபெரூலிக் அமிலம் போன்றவையும் கரிக்கு மிகவும் பிடித்தமானவை. கரி எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைக் கவனமாக வைக்காவிட்டால் பளிங்குபோலத் தெளிந்த நீர் கிடைக்கும், அதற்குள் சொல்லத்தக்க பொருள் எஞ்சியிருக்காது. தொழிலில் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: அழகான தெளிந்த மாதிரிகளை விட, இலேசாக மஞ்சள் படர்ந்து புளிப்பு மணம் மிச்சமிருக்கும் மாதிரிகளே பகுப்பாய்வில் மேலாக நிற்கும். அடுத்து, வடிநீர் என்பது பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் 1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 90 விழுக்காடு வடிநீர் சேர்த்த எசென்ஸில் இருப்பது 0.9 விழுக்காடு திடப்பொருள். அதிலும் பெரும்பங்கு சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலமும். 90 என்ற எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எதை அளக்கிறது என்பதைத்தான் சொல்வதில்லை.

உங்கள் குப்பியைத் திருப்பி, பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். ‘லாக்டோபேசில்லஸ்/பேனாக்ஸ் ஜின்செங் ரூட் ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்’ என்பதுபோல, சாய்கோட்டுக்கு முன்னால் நுண்ணுயிரின் பெயரும் பின்னால் அது தின்ற பொருளும் இருக்கும். ஃபில்ட்ரேட் என்றால் நுண்ணுயிரை நீக்கிய வடிநீர். லைசேட் என்றால் நுண்ணுயிரையே உடைத்தது. 1 விழுக்காட்டுக்கு மேலுள்ளவை அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் கீழ்ப்பட்டவை எந்த வரிசையிலும் வரலாம். ஃபினாக்ஸிஎத்தனால் என்னும் பாதுகாப்புப் பொருளுக்கு உச்சவரம்பு 1 விழுக்காடு என்பதால், அதற்குப் பின்னால் எழுதப்பட்டவை எல்லாம் 1 விழுக்காடோ அதற்கும் குறைவோதான். அதே பட்டியலில் நியாசினமைடு, அடினோசின் என்ற இரு பெயர்களையும் தேடுங்கள். கொரியாவில் நிறத்தைத் தெளிவாக்கும் பூச்சு என்று அறிவிக்க 2 முதல் 5 விழுக்காடு நியாசினமைடும், சுருக்கத்துக்கான பூச்சு என்று அறிவிக்க 0.04 விழுக்காடு அடினோசினும் அரசால் ஏற்கப்பட்டவை. நொதிச்சாற்றின் பெயரில் விற்கப்படும் கொரிய எசென்ஸ்கள் பலவற்றில் இவ்விரண்டும் இருக்கின்றன. ‘செயல்பாட்டு அழகுப்பொருள்’ என்ற முத்திரையை அவற்றுக்கு வாங்கித் தருபவை பெரும்பாலும் இவையே. நீங்கள் மெய்யாகவே மாற்றத்தைக் காண்கிறீர்கள் என்றால், அதில் நியாசினமைடின் பங்கு பெரிதாக இருக்கக்கூடும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இவை பொதுவாக மென்மையானவை. நானும் அச்சமின்றிக் கலவைகளில் சேர்க்கிறேன். ஆனால் ‘உடைத்துவிட்டதால் ஒவ்வாமை வராது’ என்ற வாதத்தை ஏற்க வேண்டாம். நொதித்தல் சில புரதங்களின் ஒவ்வாமைத் தன்மையைக் குறைப்பது உண்மையே. எனினும் ஜப்பானில் முகச் சோப்பு ஒன்றில் சேர்த்திருந்த, அமிலத்தால் பகுதியாகச் சிதைத்த கோதுமைப் புரதத்தால், 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை உண்டாலே கடுமையான ஒவ்வாமை வரும் நிலை உண்டாகி, 2011-இல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. அது நொதித்தலால் சிதைத்ததல்ல. ஆயினும் அரைகுறையாக உடைந்த புரதம் முழுப் புரதத்தைவிடத் தீங்காகலாம் என்பதை அது காட்டிவிட்டது. சோயா, கோதுமை, பால் ஒவ்வாமை உள்ளவர்கள் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பெயரைப் பார்த்தே வாங்க வேண்டும். ஈஸ்ட் வடிநீர் முகத்தில் மலசீசியா பூஞ்சையைத் தூண்டிப் பருப்போன்ற கொப்புளங்களைக் கொண்டுவரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். வடிநீரில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை. மலசீசியாவுக்கு வேண்டியது கொழுப்பு அமிலம், அது இந்த நீர்ச்சாறுகளில் மிகக் குறைவு. ஆகவே அந்த விளக்கம் எனக்கு உறுதியாகப் படவில்லை. ஆனாலும் பூசியபின் அரிப்போடு கொப்புளம் வந்தால், காரணம் எதுவாயினும் நிறுத்திவிடுவதே முறை.

புளித்த அரிசித் தண்ணீரை எடுத்துக்கொண்டால், அதிலும் லாக்டிக் அமிலமும் அமினோ அமிலமும் மாவுப்பொருளும் உண்டு. பூசிக் கழுவினால் தோல் மிருதுவாகத் தோன்றும். ஆனால் எந்த நுண்ணுயிர் அதில் வளர்ந்தது என்பது ஒவ்வொரு நாளும் மாறும். ஆலையில் அடைத்த பூச்சில் ஒரு கிராமுக்கு 1,000, கண்ணைச் சுற்றிப் பூசுவதில் 100 என்ற எண்ணிக்கைக்கு மேல் நுண்ணுயிர் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டுத் தர வரம்பு. புளித்த நீரில் ஒரு துளியிலேயே அதைப் போலப் பல மடங்கு இருக்கும். சமைத்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே உண்டு. காயமில்லாத, நலமான தோலில் சில நிமிடம் பூசிக் கழுவுவதால் பெருந்தீங்கு வரும் என்று நான் சொல்லவில்லை. பரு உடைந்த இடம், மழித்த இடம், எக்ஸிமா உள்ள தோல், கைக்குழந்தையின் முகம் ஆகியவற்றில் பூசவே கூடாது. ஸ்பிரே குப்பியில் ஊற்றி வாரக்கணக்கில் வைத்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும்.

வாங்கிய எசென்ஸை வீணாக்க வேண்டியதில்லை. முகம் கழுவிய ஈரத்தோடு அதைப் பூசி, மேலே ஒரு மாய்ஸ்சரைசரும் பகலில் சன்ஸ்கிரீனும் போடுங்கள். ஈரம் தரும் முதல் அடுக்காக அது நன்றாகவே பயன்படும். மங்குவோ சுருக்கமோ உங்கள் கவலை என்றால் ரெட்டினாலையும் வைட்டமின் சி-யையும் கைவிடாதீர்கள். ரெட்டினால் எரிச்சல் தரும் தோலாக இருந்தால், அதற்கு முன் இந்த எசென்ஸைப் பூசுவது அந்த எரிச்சலைச் சற்றுத் தணிக்கக்கூடும். அடுத்த குப்பியை வாங்குமுன் நிறுவனத்துக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள்: சாற்றின் திடப்பொருள் எத்தனை விழுக்காடு, எந்தப் பொருளை அளந்து தொகுதிக்குத் தொகுதி நிலைப்படுத்துகிறார்கள், நொதிக்காத சாற்றோடு ஒப்பிட்டு மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா. முதல் இரண்டுக்கும் பதில் தரும் நிறுவனத்தின் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதற்கும் பதில் இருந்தால் நானே அதை வாங்கிப் பார்ப்பேன்.